பஞ்சும் நெஞ்சும்

விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் என்றால், சம்பளம் வாங்குவோர் எவருக்கும் ஒரு சலிப்பு உண்டு. கோப்பு புரட்டும் குமாஸ்தாவுக்கு உண்டு, பாடம் நடத்தும் ஆசிரியருக்கு உண்டு, பேனா பிடிக்கும் நமக்கும் உண்டு. அது மனச் சலிப்பு. ஒரு குவளை காப்பி உள்ளே போனால் ஓடிவிடும்.

பஞ்சாலைத் தோழனுக்கும் அந்த முதல் நாள் வருகிறது. அவனுக்கு வருவது சலிப்பு அல்ல, மூச்சுத் திணறல்! காலையிலே கார்டிங் பகுதியிலே போய் நிற்கிறான். சில மணி நேரம் கழிகிறது. மார்பின்மீது யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல ஓர் இறுக்கம். இழுத்த மூச்சு உள்ளே இறங்க மறுக்கிறது. இறங்கிய மூச்சு வெளியேற மறுக்கிறது. இருமுகிறான், இருமுகிறான், வருவது ஏதுமில்லை. மாலையிலே வீடு திரும்பி, திண்ணையிலே குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சுக்குப் போராடுகிறான். மறுநாள் கொஞ்சம் தேவலை. மூன்றாம் நாள் மறந்தே போகிறது. அடுத்த வார விடுமுறை வருகிறது, போகிறது. மறுபடியும் முதல் நாள், மறுபடியும் அம்மிக்கல்!

உழைத்தால் நோகும், ஓய்ந்தால் தேறும். இது உடம்பின் கணக்கு. ஓய்ந்து வந்த நாளிலேயே நோவு கூடுகிறதே, இது என்ன தலைகீழ்க் கணக்கு? அந்தத் தலைகீழ்க் கணக்கிலேதான், தோழர்களே, நோயின் முகவரி இருக்கிறது. அந்தத் தூசை நாள்தோறும் விழுங்கும் உடம்பு, ஒருவாறு அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஒருநாள், இரண்டு நாள் நல்ல காற்றுக் கிடைத்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. மீண்டும் தூசு நுழையும்போது மூச்சுக்குழல் சுருண்டு கொள்கிறது. சாதாரண ஆஸ்துமா நாள் பார்த்து வருவதில்லை. புகை பிடிப்பவனின் இருமல் கிழமை பார்த்து வருவதில்லை. இதுவோ விடுமுறைக்கு மறுநாள் பார்த்து வருகிறது. பிசினோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறது மருத்துவ உலகம். வாயில் நுழையாத பெயர் என்று தள்ளிவிடாதீர்கள். நெஞ்சிலே நுழைந்துவிட்ட நோய்!

பேல் கட்டைப் பிரித்துப் போடுகிறீர்கள். அந்தப் பஞ்சு வெறும் பஞ்சா? காயை ஒட்டியிருந்த சிற்றிலைச் சருகு, தண்டுத் துணுக்கு, மண், அவற்றிலே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் யாவும் அதோடு அமுக்கப்பட்டுத்தான் வருகின்றன. ப்ளோ ரூமிலே அந்தக் கட்டி உடைக்கப்படுகிறது, அடிக்கப்படுகிறது. கார்டிங்கிலே கம்பிப் பற்கள் அதைச் சிக்கெடுத்துச் சீவுகின்றன. பஞ்சு மேலே போகிறது, மாசு காற்றிலே பறக்கிறது. மீசையிலும் புருவத்திலும் வெள்ளையாகப் படிகிறதே அந்தப் பிசிறு, அதைக் கண்டு அஞ்சுகிறோம் நாம். உண்மையிலே அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசுக்கு. சருகிலே இருக்கும் நுண்ணுயிர் செத்தாலும் அதன் மேலுறையிலே ஒரு நஞ்சு மிஞ்சுகிறது, எண்டோடாக்சின் என்கிறார்கள். நெஞ்சை இறுக்குவதிலே பெரும் பங்கு அதற்கே என்று காட்டுகின்றன ஆராய்ச்சிகள். மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை பிசிறைத் தடுக்கும். அந்த நுண்தூசைத் தடுக்காது.

வெல்லம் தின்றால் போதும், தூசு கரைந்துவிடும் என்று ஒரு வைத்தியம் நெடுங்காலமாக உலவுகிறது ஆலைகளிலே. சில இடங்களில் நிர்வாகமே வெல்லக்கட்டி வழங்குவதாகவும் கேள்விப்படுகிறோம். தாராள மனம்! வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசு போவது நுரையீரலுக்கு. பாதை வேறு, பை வேறு. இனிப்பு வேண்டுமானால் தின்னுங்கள், மருந்து என்று மட்டும் நம்பாதீர்கள்.

நூல் கூடத்திலே இன்னொரு வேடிக்கை. காற்று வறண்டால் நூல் அறுந்துவிடும். ஆகவே ஈரக்காற்றைச் செலுத்துகிறார்கள், அளந்து செலுத்துகிறார்கள், அதற்கென்று கருவி, அதற்கென்று ஆள், அதற்கென்று ஒரு கணக்குப் புத்தகம்! நூலின் சுகத்துக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்று மணிக்கு மணி குறித்து வைக்கும் ஆலையிலே, ஆளின் மூச்சுக்கு எவ்வளவு தூசு கேடு என்று குறித்து வைக்க ஒரு புத்தகம் உண்டா? நூல் அறுந்தால் மேஸ்திரி ஓடோடி வருகிறார். மூச்சு அறுந்தால் யார் வருகிறார்?

மூச்சு ஒரே நாளில் அறுவதில்லை என்பதுதான் இதிலே உள்ள சூது. முதலில், எப்போதோ ஒரு முதல் நாளிலே மட்டும் இறுக்கம். பிறகு ஒவ்வொரு வாரமும் முதல் நாளிலே. பிறகு இரண்டாம் நாளுக்கும், மூன்றாம் நாளுக்கும் நீள்கிறது. கடைசியிலே, விடுமுறை நாளிலும் விடாமல், மாடிப்படி நான்கு ஏறினால் நின்று மூச்சு வாங்கும் நிலை. அப்போது ஆலையை விட்டு விலகினாலும் இழந்த மூச்சு முழுவதுமாகத் திரும்புவதில்லை. முதற்படியிலேயே தூசை விட்டு விலகினால் பெரும்பாலும் தேறிவிடலாம். ஆகவே, முதற்படியில் அதைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அங்கேதான் நடக்கிறது மோசடி.

தோழன் மருத்துவரிடம் போகிறான். உரையாடல் எப்படி நடக்கும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை, நீங்களே சொல்வீர்கள். "எக்ஸ்ரே எடு." எடுக்கிறான். "எக்ஸ்ரேயிலே ஒன்றுமில்லை." "பீடி குடிப்பாயா?" "குடிப்பேன்." "அதுதான்!" முடிந்தது வழக்கு. தீர்ப்பு: பீடி. குற்றவாளி: தோழன். ஆலை? ஆலை குற்றவாளிக் கூண்டருகே கூட வரவில்லை.

கல்லுடைப்பவனின் நெஞ்சிலே படியும் சிலிகா, எக்ஸ்ரே படத்திலே தழும்பு காட்டும். பஞ்சுத் தூசு அப்படித் தனி அடையாளம் எதையும் படத்திலே விடுவதில்லை. ஆகவே, படத்திலே ஒன்றுமில்லை என்பது நெஞ்சிலே ஒன்றுமில்லை என்பதாகாது. ஊதிப் பார்க்க வேண்டும். முதல் நாள் வேலைக்கு முன் ஒருமுறை, வேலைக்கு நடுவிலோ பின்னரோ ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் விழுந்தால், தூசு பேசுகிறது என்று பொருள். பீடியைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறோம்: பஞ்சுத் தூசோடு பீடிப் புகையும் சேர்ந்தால் நெஞ்சு இரட்டை அடி வாங்குகிறது. விட்டுவிடுங்கள், உங்கள் நெஞ்சுக்காகவும், முதலாளி வக்கீலின் கையிலே ஓர் ஆயுதம் குறையட்டும் என்பதற்காகவும். ஆனால் பீடியைத் தொட்டே அறியாத பெண்களுக்கும் இந்த இறுக்கம் வருகிறதே, அவர்கள் எந்தப் பீடியைக் குடித்தார்கள்?

பெயரிலே என்ன இருக்கிறது, ஆஸ்துமா என்றால் என்ன, பிசினோசிஸ் என்றால் என்ன என்று கேட்பார்கள் சிலர். பணம் இருக்கிறது ஐயா, பெயரிலே! தொழிலாளர் ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ., நம் தமிழகத்திலே 1955-இல் கோவையிலேதான் முதலில் தொடங்கிற்று. பஞ்சாலைத் தோழனின் கூலியிலிருந்துதான் முதற்பிடித்தமும் நடந்திருக்கும். அதன் விதிப்படி, சாதாரண நோய் என்று எழுதினால் ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 100-க்கு 70 வீதம் நோய்ப்படி. பிறகு கை விரிப்பு. தொழிலால் வந்த நோய் என்று எழுதினாலோ, அது வேலையிலே அடிபட்டதற்குச் சமம். உழைப்புத் திறன் எவ்வளவு போயிற்றோ அவ்வளவுக்கு, வாழ்நாள் முழுதும் மாதத்தொகை. பஞ்சு, நார் இவற்றின் தூசால் வரும் நுரையீரல் நோய், அந்தத் தொழில்நோய்ப் பட்டியலிலே அச்சிடப்பட்டே இருக்கிறது. ஆக, மருத்துவர் காகிதத்திலே எழுதும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சோறு. அந்தச் சொல்தான் எழுதப்படுவதில்லை.

எழுதாமல் விடுவது இங்கே மட்டும் நடந்த கதை அல்ல. 1700-ஆம் ஆண்டிலே இத்தாலியில், ரமாஜினி என்ற மருத்துவர், தொழிலாளரின் நோய்களைப்பற்றித் தனி நூலே வெளியிட்டார். நோயாளியைக் கண்டதும், என்ன தொழில் செய்கிறாய் என்று முதலில் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நார் சிக்கெடுப்போர் தூசை விழுங்கி இருமுவதையும், மெல்ல மெல்ல மூச்சுத் திணறலுக்கு ஆளாவதையும் அவர் அப்போதே குறித்தார். 1831-இலே மான்செஸ்டரில் கே என்ற மருத்துவர், நூற்பாலைத் தொழிலாளரின் மார்பு நோயை விவரித்தார். 1863-இலே நடந்தது நமக்கும் தொடர்புடைய சங்கதி. அமெரிக்காவிலே உள்நாட்டுப் போர். அங்கிருந்து பஞ்சு வரவில்லை. லங்காஷயர் ஆலைகள் இந்தியாவின் சூரத் பஞ்சை இறக்கின. அழுக்கும் தூசும் மிகுந்த பஞ்சு அது. அதைப் பிரித்துச் சீவிய ஆங்கிலத் தொழிலாளர் எப்படி இருமினர் என்று லீச் என்ற மருத்துவர் லான்செட் ஏட்டிலே எழுதினார். 1877-இலே பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் புரூஸ்ட், மெல்லிய துணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து, பிசினோசிஸ் என்று பெயரும் சூட்டினார். நோய் கண்டாயிற்று, பெயர் வைத்தாயிற்று, நிவாரணம்? 1941 வரை காத்திருந்தான் லங்காஷயர் தொழிலாளி!

அப்போதும் என்ன நிபந்தனை தெரியுமா? 20 ஆண்டு அந்தத் தூசிலே உழைத்திருக்க வேண்டும். முழுக்க முடங்கியிருக்க வேண்டும், நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். ஆணாகவும் இருக்க வேண்டும். பெண்ணின் நெஞ்சை நெஞ்சென்று ஒப்புக்கொள்ள 1948 ஆயிற்று. 20 ஆண்டு விழுங்கினால்தான் விஷம், 19 ஆண்டு விழுங்கினால் வெல்லம் போலும்! போராடிப் போராடித்தான் பின்னர் படிப்படியாகக் குறைத்தார்கள் அந்த நிபந்தனையை. 1950-களிலே ரிச்சர்டு ஷில்லிங் என்ற பேராசிரியர் லங்காஷயரிலே ஆலை ஆலையாகப் போய்ப் பார்த்தார். பெயரிலே ஷில்லிங், ஆனால் ஆலையதிபரின் ஷில்லிங்குக்கு வளையாத மனிதர். கரட்டு நூல் நூற்கும் ஆலைகளின் கார்டிங் அறைகளிலே, ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் இருக்கக் கண்டார். முதல் நாள் இறுக்கத்தைப் படிப்படியாகத் தரம் பிரித்துக் காட்டியவரும் அவரே. உலகமெங்கும் மருத்துவர்கள் அந்தப் படிகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்து இப்படி ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு நாடு ஒப்புக்கொள்ள மறுத்தது. அமெரிக்கா! எங்கள் ஆலைகளிலே அந்த நோயே கிடையாது என்றார்கள் தென்மாநிலத்துத் துணிச் சீமான்கள். 1969-இலே அவர்களுடைய தொழில் ஏடொன்று எழுதிற்று, காசுக்கு ஆசைப்பட்ட மருத்துவர்கள் கட்டிவிட்ட சரக்கு இது என்று. அதோடு விட்டதா? ஆப்பிரிக்காவின் தாழ்ந்த இனத்தாருக்குத்தான் இப்படிப் புதுப்புது நோய்கள் வரும், உயர்ந்த மக்கள் எப்போதோ வென்றுவிட்ட நோய்கள் அவை என்று பொருள்பட எழுதிற்று. எழுதிய கையின் இறுமாப்பைப் பாருங்கள்! மூச்சுக்குழலுக்கும் உயர்வு தாழ்வு கற்பித்தார்கள். அந்த ஏடு அச்சாகிக்கொண்டிருந்த நாளிலேயே, கரோலினாவிலே தலைமுறை தலைமுறையாக ஆலையிலே உழைத்த வெள்ளைத் தோழர்கள் ஆயிரமாயிரம் பேர், இரவிலே படுக்க முடியாமல் நாற்காலியிலே உட்கார்ந்தபடி விடிய விடிய இருமிக்கொண்டிருந்தார்கள். கறுப்பினத் தோழர்களுக்கோ, நெடுங்காலம் ஆலைக்குள்ளேயே இடமில்லை. இடம் கொடுத்தபோது, தூசு மிகுந்த இடமாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

போய்ச் சோதித்துப் பார்த்துவிடலாமே என்றால், ஆலைக் கதவு மருத்துவருக்குத் திறக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்து மருத்துவர் பௌஹைஸ் என்ன செய்தார் தெரியுமா? அட்லாண்டா நகரிலே மத்திய அரசின் சிறைச்சாலை ஒன்று. அதற்குள் ஒரு பஞ்சாலை. அங்கே போய்க் கைதிகளைச் சோதித்தார், 1960-களிலே. இருந்தது நோய்! சுதந்திர நாடு, சுதந்திர மனிதன் என்று முழங்கும் நாட்டிலே, சுதந்திரத் தொழிலாளியின் நெஞ்சைச் சோதிக்க வழியில்லை. சிறைக்கைதியின் நெஞ்சைச் சோதிக்க வழியிருந்தது.

பிறகு தொழிலாளிகளே எழுந்தார்கள். நிலக்கரித் தோழனின் நோய்க்குக் கருநுரையீரல் என்று பெயர் வழங்குவதுபோல, பஞ்சாலைத் தோழனின் நோய்க்குப் பழுப்பு நுரையீரல் என்று ஊரறியப் பெயர் வைத்து, 1975-இலே கரோலினாவிலே ஒரு சங்கம் கண்டார்கள். வேலையிலிருந்து ஓய்ந்துபோன கிழவர்கள், கிழவிகள்! ஊதும் கருவியை வரவழைத்து, ஊர் ஊராகக் கூடி, வரிசையிலே நின்று ஊதினார்கள், எண்களை எழுதினார்கள், அந்த எண்களைக் கையிலே ஏந்தி அரசாங்கத்தின் விசாரணை மன்றங்களுக்குப் போனார்கள். நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச முடியாதவர்கள். அந்தத் திணறலே சாட்சியாயிற்று. 1978-இலே வந்தது விதி: நூற்கும் பகுதியிலே ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசு கூடாது. ஒரு கிராமை ஐயாயிரம் பங்காக்கினால் அதிலே ஒரு பங்கு! அத்தோடு இன்னொரு விதி: குறைந்தது 35 மணி நேரம் தூசில்லாமல் இருந்துவிட்டு வரும் முதல் நாளிலே, வேலைக்குமுன் ஒருமுறை ஊத வேண்டும், வேலை தொடங்கி 4 மணி நேரத்துக்குப் பின், 10 மணி நேரத்துக்குள் மறுமுறை ஊத வேண்டும். சோதனையை நடத்தும் கடமை நிர்வாகத்துக்கு, செலவும் நிர்வாகத்துக்கு.

விடுவார்களா சீமான்கள்? உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இத்தனை கோடி செலவழித்தால் இத்தனை நெஞ்சுதானே பிழைக்கும், கணக்குப் பார்த்தீர்களா, இலாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். 1981 ஜூன் திங்களிலே தீர்ப்பு: சட்டம் இயற்றியவர்களே அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டார்கள், செய்ய முடிந்ததா என்பதுதான் கேள்வி, செலவுக்கேற்ற வரவு உண்டா என்பது அல்ல, தொழிலாளியின் உடல்நலம்தான் மேல் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். ஆலைகள் மூடிவிடும் என்று கிளப்பிய பீதி என்னாயிற்று? தூசடக்கும் புது எந்திரங்கள் வந்தன. அவை உற்பத்தியையும் கூட்டின. செலவு, அவர்கள் மிரட்டிய தொகைக்குக் கீழேயே நின்றது. பின்னாளிலே அந்த ஆலைகள் பல மூடித்தான் போயின. தூசடக்கியதால் அல்ல, மலிவுக் கூலி தேடி முதல் கடல் கடந்ததால்.

நிறத்தைக் காட்டி நோயை ஒதுக்கினான் அங்கே. சாதியைக் காட்டி வேலையை ஒதுக்கினான் இங்கே, அதையும் சொல்லிவிடுவோம். பம்பாய் ஆலைகளின் நெசவுப் பகுதியிலே, கூலி கூடுதல். நாடாவிலே நூல் அறுந்தால், நெசவாளி வாயை வைத்து உறிஞ்சி நூலை இழுக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட தோழன் வாய்வைத்த நாடாவிலே நாங்கள் வாய்வைப்பதா என்று மேல்சாதித் தொழிலாளர் மறுத்தனர்; அவனை நெசவுப் பகுதிக்கே வரவிடாமல், கூலி குறைந்த ரிங் பகுதியிலே நிறுத்தினர். 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இந்த அநீதியை எடுத்துக் கேட்டார். வாயால் உறிஞ்சும் நூலிலே தீட்டுக் கண்டவர்கள், ஒரே கூரையின்கீழ் எல்லோரும் மாறிமாறி இழுத்துவிட்ட தூசுக் காற்றிலே தீட்டுக் காணவில்லை! கண்டிருந்தால், காற்றையாவது கழுவியிருப்பார்கள்.

சரி, நம் நாட்டிலே நோய் இருக்கிறதா என்று கேட்பார்க்கு, அகமதாபாத் பதில் சொல்லும். அங்கே இருக்கிறது அரசாங்கத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம். அந்நிறுவனத்தார் 1980-களிலே அந்நகரப் பஞ்சாலைகளைச் சோதித்தனர். ப்ளோ ரூமிலே 100-க்கு 30 பேர் அளவிலும், கார்டிங்கிலே அதற்கு மேலும் பிசினோசிஸ் இருக்கக் கண்டனர். இதைச் சொன்னது செங்கொடிச் சங்கமல்ல, எதிர்க்கட்சி மேடையல்ல, அரசாங்கத்து விஞ்ஞானிகள்!

சட்டமாவது இல்லையா? இருந்தது, அழகாகவே இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்லிற்று: தூசு எங்கே பிறக்கிறதோ, அதற்கு எவ்வளவு அருகிலே முடியுமோ அவ்வளவு அருகிலே உறிஞ்சு கருவி பொருத்த வேண்டும் என்று. தெரிவித்தே தீரவேண்டிய நோய்களின் பட்டியலிலே பிசினோசிஸும் சேர்க்கப்பட்டிருந்தது. கண்ட மருத்துவர் ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்பது விதி. அந்தச் சட்டத்தின் இடத்திலே வைப்பதற்கென்று 2020-இலே நாடாளுமன்றம் புதிய தொகுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. சட்டப் புத்தகத்தின் அட்டை மாறலாம். நாம் கேட்பது அட்டையை அல்ல, உள்ளே இருக்கும் பதிவேட்டை. கண்ட மருத்துவர் எத்தனை பேர் எழுதினார்கள்? எழுத வேண்டிய மருத்துவர் ஆலையின் சம்பளத்திலே இருந்தால், அவர் கண் எதைக் காணும்?

1888-இலே கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களிலே பைக்காரா மின்சாரம் வந்தது. ஆலைப் புகைபோக்கிகள் காளான்போல முளைத்தன. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெருமை பேசினோம். மான்செஸ்டரின் பெயரை வாங்கிக்கொண்டவர்கள், மான்செஸ்டரிலே தொழிலாளிக்குக் கிடைத்த சோதனையையும் நிவாரணத்தையும் வாங்கித் தரவில்லையே! இன்றும் இந்திய நாட்டிலே நூற்பாலைகள் மிகுந்த மாநிலம் நம்முடையதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், இராசபாளையம் என்று நீண்டு கிடக்கும் அந்த ஆலைகளிலே இன்று நிற்பவர் யார்? சங்கச் சந்தா கட்டி, வாயிற்கூட்டம் போட்டு, முப்பது ஆண்டு ஒரே ஆலையிலே நரைத்த அந்தப் பழைய தோழர்கள் அருகிவிட்டார்கள். அந்த இடத்திலே, விடுதியிலே தங்கவைக்கப்பட்ட பெண் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்த இளைஞர்கள்.

சுமங்கலித் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்களே, நினைவிருக்கும். மூன்று ஆண்டு உழை, முடிவிலே ஒரு தொகை, அதிலே திருமணம் என்று ஏழைப் பெற்றோரிடம் ஆசைகாட்டி அழைத்து வந்தார்கள். மங்கலமான பெயர்! ஊர் கண்டித்தது, உலகம் கண்டித்தது. பெயரை வெளியே சொல்வதை நிறுத்தினார்கள். விடுதி இருக்கிறது, வேலை முறை இருக்கிறது. இங்கேதான் லங்காஷயரின் அந்த 20 ஆண்டு நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். நோய் முற்றுவதற்கு ஆண்டுகள் பல ஆகும். ஆலையோ அவளை மூன்று ஆண்டு வைத்துக்கொண்டு, முதற்படி இறுக்கத்தோடு ஊருக்கு அனுப்பிவிடுகிறது. அடுத்த பெண் வருகிறாள். அனுப்பப்பட்டவள், ஏதோ ஒரு குக்கிராமத்திலே குழந்தையை இடுப்பிலே வைத்துக்கொண்டு இருமும்போது, அங்குள்ள மருத்துவர் கேட்கப் போவதில்லை, நீ எந்த ஆலையிலே எந்தப் பகுதியிலே நின்றாய் என்று. அவள் மறுபடி ஏதாவதொரு ஆலைக்குப் போனால், ஆண்டுகள் துண்டு துண்டாகத்தான் சேரும்; எந்த முதலாளியின் கணக்கிலும் முழுதாகச் சேராது. பீகார்த் தோழன் கதையும் இதுதான். அங்கே 20 ஆண்டு கேட்டு ஏய்த்தான். இங்கே மூன்று ஆண்டிலே அனுப்பி ஏய்க்கிறான். முன்னவனைவிடப் பின்னவன் கெட்டிக்காரன்!

விலகினால் என்ன பயன் என்று சோர்ந்துபோக வேண்டாம். சீனத்து ஷாங்காய் நகரிலே 1981 முதல் ஒரு ஆராய்ச்சி நடந்தது. பஞ்சாலைத் தொழிலாளரை ஒருபுறம், பட்டாலைத் தொழிலாளரை மறுபுறம் வைத்து, ஒரே நகரம், ஒரேவிதமான வாழ்க்கை, ஆண்டுக்கணக்கிலே ஊதவைத்துப் பார்த்தார்கள். பஞ்சாலைத் தோழரின் மூச்சு அதிகமாகத் தேய்ந்தது. தூசை விட்டு விலகிய பின் அந்தத் தேய்வு மட்டுப்பட்டது, ஓரளவு தேறவும் செய்தது. ஆகவே கார்டிங்கிலே இறுக்கம் கண்ட தோழனைத் தூசு குறைந்த பகுதிக்கு மாற்று, கூலி குறைக்காமல் மாற்று என்று சங்கம் கேட்பது தயவு வேண்டியல்ல. மருத்துவம் சொல்லும் சிகிச்சை அது.

கேட்பதற்குக் கையிலே சான்று வேண்டும். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு குழல் இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கும், சில நூறு ரூபாய். நின்றபடி, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வீச்சிலே ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிலே கூடின எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனையின் பெரிய கருவிக்கு இது ஈடாகாது. ஆனால் பெரிய கருவியின் முன்னே கொண்டுபோய் நிறுத்து என்று வற்புறுத்த இது போதும். சங்க அலுவலகத்திலே ஒன்று வாங்கி வையுங்கள். நோட்டுப் புத்தகத்திலே ஐந்து கட்டம்: பெயர், பகுதி, தேதி, உள்ளே போகுமுன் எண், வெளியே வந்தபின் எண். நம் ஆலைகளிலே எல்லோருக்கும் ஞாயிறே விடுமுறை என்பதில்லை. ஆகவே அவரவர் விடுமுறைக்கு மறுநாளைப் பார்த்துக் குறிக்க வேண்டும். வாரம் தவறாமல் எட்டு வாரம் குறித்த ஒரு பக்கத்தை, இ.எஸ்.ஐ. மருத்துவரின் மேசைமேல் வைத்து, இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள் ஐயா என்று கேட்டுப் பாருங்கள்.

வாயிலுக்கு வெளியே வரும் தோழர்களை ஊதவைப்பது எளிது. விடுதிக் கதவுக்கு உள்ளேயே இரவும் பகலும் இருக்கும் நம் தங்கைகள் கையிலே அந்தக் குழலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? அடுத்த செயற்குழுவிலே முதற்பொருளாக இதை எடுத்துக்கொள்ளுமாறு ஆலைப் பகுதிச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.